பெட்டிக்கு மேலே நாலு பேர், உள்ளே ஒரு ரிமோட்

கவுன்டருக்குப் பின்னால் புதிதாக நிற்கத் தொடங்கியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஸலாம், வணக்கம், ஆயுபோவன். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாய் இது. புத்தளத்தில் எலக்ட்ரிக் சாமான் விற்றுப் பிழைத்தவனுக்கு வேறு வழியில்லை. ஓய்வெடுத்த பிறகு காது மந்தமாகிவிட்டது, முழங்கால் சொல்வழி கேட்பதில்லை, வயிறு மட்டும் பதவி உயர்வு பெற்றுக்கொண்டே போகிறது. கோபம் நான் கடையில் இருந்த காலத்தில் எப்படியோ அப்படியே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பிளக் வாங்க, நான் முன்னே வேலை பார்த்த நம் கடைக்கு வந்தேன். உங்களில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை, அதற்குக் கோபமில்லை. டீவி கேம் பெட்டிகளைப் பேசும் பொம்மைக்கும் பிளாஸ்டிக் பேட்டுக்கும் நடுவில் இறாக்கைத் தட்டில் அடுக்கி, மேலே 'சிறுவர் பகுதி' என்று பலகை மாட்டியிருந்தீர்கள். பிளக்கை மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பலகையோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

"நானா, இது சின்னப் புள்ளையள்ட சாமானா, பெரிய ஆக்கள்டயா?"

அந்த இறாக்கைக்கு முன்னால் நின்று, அண்ணனைக் கூப்பிடுவது போல 'நானா' என்று கூப்பிட்டு, இந்தக் கேள்வியைக் கேட்காதவர் கிடையாது. ஏன் கேட்கிறீர்கள்? மேசை விசிறியைப் பார்த்து இப்படி யாராவது கேட்டார்களா? கெரம் பலகையைப் பார்த்து? கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் எந்தக் கிளப்புக்குள் தலையை நீட்டினாலும், தாடி நரைத்தவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கெரம் அடிக்கிறார்கள். ஸ்கூல் விட்டதும் அவர்களுடைய பேரன்மார் அதே பலகையில் அடிக்கிறார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. விளையாட்டு டீவிக்குள் போய்விட்டால் மட்டும் மீசை வைத்தவனுக்கெல்லாம் திடீரென்று மானம் வந்துவிடுகிறது. வாங்குவதற்கு ஆசை, ஆடுவதற்கு அதைவிட ஆசை, ஆனால் யாராவது 'பிள்ளைக்குத்தானே' என்று சொல்லித் தந்தால்தான் கை நீளும்.

நான் சொல்லும் கம்பனியின் பெயர் வேண்டாம். குடும்பத்தோடு ஆடலாம் என்று பெயரெடுத்த கம்பனி. ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் டீவியில் நிற்கும் பொம்மை மனிசனும் கையை வீசுவான். பந்து உருட்டலாம், டெனிஸ் அடிக்கலாம், மீன் பிடிக்கலாம். சண்டை முடிந்து பாதைகள் திறந்து, கட்டாரிலும் குவைத்திலும் இருப்பவர்களின் உழைப்பு எங்கள் பக்கத்து வீடுகளில் டீவியாகவும் பிரிஜ்ஜாகவும் வந்திறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்போது உம்மாமாரின் முதல் கேள்வி ஒன்றுதான்: "வெடிச் சத்தம் இரிக்கா?" இல்லை என்றால்தான் அடுத்த பேச்சு. இந்தக் கம்பனியின் கேமில் வெடி கிடையாது, இரத்தம் கிடையாது. அதனாலேயே நன்றாகப் போகும் என்று எங்கள் கடை முதலாளி ஒரு தொகைப் பெட்டி வாங்கி எடுத்துவிட்டார்.

எடுத்தவர் இரண்டு தீர்மானம் செய்தார். ஒன்று, எல்லாம் பொம்மை இறாக்கையில். இரண்டு, பெட்டியோடு வரும் ஒரு ரிமோட்டுக்கு மேல் உபரியாக ஒன்றும் எடுப்பதில்லை. கேட்டதற்கு, "புள்ளைக்கு ஒண்டு போதும்" என்றார்.

"முதலாளி, பெட்டிக்கு மேல பாருங்க. வாப்பா, உம்மா, ரெண்டு புள்ள, நாலு பேர் சோபால இருந்து சிரிக்கிறாங்க. உள்ள ஒரு ரிமோட்தான் வெச்சிரிக்கானுகள். மத்த மூணு பேரும் என்னத்தப் பாத்துச் சிரிக்கிறாங்க?"

"ஒன்னப் பாத்துத்தான், அமீன். போய் வேலயப் பாரு."

கம்பனி மேல் வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. பெட்டியின் வாய் 'எல்லாருக்கும்' என்கிறது; வயிற்றுக்குள் இருப்பது ஒருவனுக்கு. ஒரு பக்கம் மட்டும் உள்ள கெரம் பலகையை யாராவது செய்து விற்பார்களா?

என் வேலை டெமோ காட்டுவது. டெமோ மெஷினுக்கு மட்டும் இரண்டு ரிமோட் வந்திருந்தது. இரண்டிலும் 'விற்பனைக்கு அல்ல' என்று ஸ்டிக்கர். கடைக்கு வரும் பிள்ளைகளோடு நான் ஆடவேண்டும், பெற்றோர் பார்த்து மயங்கவேண்டும். முதல் வாரமே ஒரு பையன், ஏழு வயதிருக்கும், "மாமா, ஒங்களுக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டான். விடுவேனா? பந்து உருட்டி அவனை மண் கவ்வ வைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கவுன்டரைச் சுற்றி ஓடினேன். பையன் அழுதான். உம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"பேரன் வயசுப் புள்ளையத் தோக்கடிச்சிட்டுச் சுத்தி ஓடுறியே, வெக்கமில்லையா ஒனக்கு?"

"அவன்தான் முதலாளி முதல்ல சவால் உட்டான்."

நானே இப்படி என்றால், அது சின்னவர்களின் சாமானா பெரியவர்களின் சாமானா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். டெமோவில் அழகாகத் தோற்கத் தெரியவேண்டும் என்பது இதில் உள்ள பாடம். நான் பிறகு நன்றாகத் தோற்கப் பழகினேன். என் வியாபார வாழ்க்கையில் நான் உண்மையாகத் தேறிய கலை அது ஒன்றுதான்.

இனி ரியாஸின் கதை.

ரியாஸ் கட்டாரில் லொறி ஓட்டுகிற பொடியன். மகனின் சுன்னத்துக்காக லீவில் வந்திருந்தான். கடைக்கு வந்தது மாமனாரோடு. மாமனார் ஹாஜியார், பரம்பரையாக உப்பளக்காரர். இளவயதில் தானே இறங்கி உப்பு வாரியவர் என்பதால் மணிக்கட்டு ஒவ்வொன்றும் தென்னம்பாளை மாதிரி இருக்கும். ரியாஸின் ஆட்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தவர்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். ஹாஜியாரின் வீட்டில் ரியாஸ் மாப்பிள்ளை; லீவில் வந்து போவதால் விருந்தாளி. இரண்டுக்கும் மரியாதை உண்டு, அதிகாரம் இல்லை.

"நானா, மகனுக்குச் சுன்னத்து. படுத்துக் கெடக்கிற நாளையில ஆட ஒண்டு வேணும். வெடி வெக்கிறது வேணா" என்றான் ரியாஸ்.

நான் பெட்டியை எடுத்து வைத்தேன். ஹாஜியார் அதைத் தூக்கித் தேங்காய் வாங்குவது போல ஆட்டிப் பார்த்தார்.

"அமீன், இது சின்னப் புள்ளையள்ட சாமான்தானே?"

"முழுக்க முழுக்கச் சின்னப் புள்ளையள்ட சாமான், ஹாஜியார்" என்றேன். விற்கிற நேரத்தில் நாக்கு எதையும் சொல்லும். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இது திரும்பி வந்து என்னைக் கடித்தது.

"ரெண்டு பேர் சேந்து ஆட ஏலாதா, நானா?" ரியாஸ் கேட்டான்.

"ஏலும். ஆனா ரெண்டாவது ரிமோட் கடைல இல்ல."

"என்னத்துக்கு ரெண்டு? ஆடப் போறது ஒரு புள்ளதானே" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் விசிறி பார்க்கப் போனார். அவர் நகர்ந்த பிறகு ரியாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"மகன் என்னோட கதைக்கிறான் இல்ல நானா. ஃபோன்ல எண்டா வாய் மூட மாட்டான். நேர்ல வந்து நிண்டா உம்மாக்குப் பின்னால போய் ஒளியிறான். ஒரு ஆட்டம் சேந்து ஆடினா வெக்கம் போயிரும் எண்டு பாத்தன். லீவும் கொஞ்ச நாள்தானே."

அவன் வாங்க வந்தது எதை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பில் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்றையும் அந்த நேரத்திலேயே செய்து முடித்திருந்தேன். சுன்னத்துச் செய்த பிள்ளை மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உடுத்த சாரம் புண்ணில் படாமல், நடுவில் ஒரு நூலைக் கட்டிக் கூடாரம் போல மேலே தூக்கி வைத்திருப்பார்கள். எழும்பக்கூடாது, குதிக்கக்கூடாது, சிரித்தாலும் கவனமாகச் சிரிக்கவேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நானும் அந்தக் கூடாரத்துக்குக் கீழே கிடந்தவன்தானே! அப்படிக் கிடக்கும் பிள்ளைக்கு, எழும்பி நின்று கையையும் காலையும் வீசி ஆடுகிற கேமை விற்றிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்தச் சேல்ஸ்மேனும் செய்திருக்க முடியாத பிழை. இந்தக் கூடாரத்தைக் கண்டிராத வெள்ளைக்காரனுக்கு இதற்கு வாய்ப்பே இல்லை.

ஒரு வாரம் கழித்து ரியாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதத் திருப்பி எடுங்க நானா."

"என்ன, வேல செய்யுதில்லையா?"

"நல்லா வேல செய்யுது. அதுதான் பிரச்சின."

பிள்ளையைப் பார்க்க வந்த மாமாமார், சாச்சாமார், மச்சான்மார் எல்லாரும் பிள்ளையின் கையில் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, மறு கையால் ரிமோட்டை எடுத்திருக்கிறார்கள். "இந்தா மகன், எப்பிடி எண்டு மாமா காட்டித் தாறன்." காட்டத் தொடங்கியவர் சாப்பிட வட்டிலப்பம் வரும் வரைக்கும் கீழே வைக்கவில்லை. பிறகு அடுத்தவர். ஒரு சாச்சா டெனிஸ் அடித்ததில் மேலே தொங்கிய பல்ப் போய்விட்டது. பிள்ளை ஹம்தி படுத்தபடி பார்த்திருக்கிறான். முதலில் சிரித்தான், சிரித்தால் வலித்தது. பிறகு, "என்ட கேம், என்ட கேம்" என்று அழுதான். அதுவும் வலித்தது.

"அப்ப நீங்க என்ன செஞ்ச?"

"நான் என்ன செய்ய? என்ட மாமனார்தான் பேசினார். இனிப் பெரிய ஆக்கள் ஒருத்தரும் இதத் தொடக்கூடாது, இது புள்ளைட சாமான், மீச மொளச்சவன் கைல எடுத்தா வெக்கக்கேடு எண்டு சொல்லிட்டார். நான் அது வரைக்கும் தொடவே இல்ல நானா. வந்த ஆக்களுக்குப் பிளேன்டி ஊத்திக் குடுத்துக்கொண்டு நிண்டன். ஆனா எனக்கும் சேத்துத்தான் சொன்னார். அவர்ட வீடு." பெட்டியை என் பக்கம் தள்ளினான். "அவனும் ஆட ஏலாம, நானும் தொட ஏலாம, இது என்னத்துக்கு? இன்னும் ரெண்டு கெழமையில லீவு முடிஞ்சி நான் போயிருவன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! யார்மேல் என்று வரிசைப்படுத்தவே நேரம் பிடித்தது. பிள்ளையின் சாமானைப் பறித்து ஆடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போன மாமாமார் மேல். அவர்கள் செய்த பிழைக்கு ஆடாதவனைத் தண்டித்த ஹாஜியார் மேல். 'சின்னப் பிள்ளைகளின் சாமான்' என்று சொன்னால் பிள்ளைக்குப் பெரிய உரிமை கொடுத்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் பிள்ளையை ஒரு மூலையில் தனியாக உட்காரவைக்கிறார்கள். அந்தப் பேரைச் சொல்லித்தான் நானும் விற்றேன் என்பது நினைவுக்கு வந்ததும், வரிசையில் முதலிடத்துக்கு நானே வந்துவிட்டேன்.

"பெட்டியக் கொண்டு போங்க. வெள்ளிக்கிழம நான் வீட்ட வாறன். சர்விஸ் எண்டு சொல்லுங்க" என்றேன்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு போனேன். ஹம்தி கூடாரத்துக்குக் கீழே கிடந்தான். டீவி உயரமான அலுமாரிக்கு மேலே இருந்தது. அதை இறக்கி ஒரு ஸ்டூலில் வைத்துப் பிள்ளையின் கால்மாட்டுக்கு நேரே திருப்பினேன். அந்தக் கேமில் தூண்டில் போடும் ஆட்டம் ஒன்று உண்டு. மணிக்கட்டைச் சுண்டினால் போதும், எழும்பத் தேவையில்லை. முதல் நாளே நான் காட்டிக் கொடுத்திருக்க வேண்டியது அது. ஹம்தி சுண்டினான். மீன் கடித்தது. பிள்ளை வலிக்காத அளவுக்குச் சிரித்தான்.

ஹாஜியார் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ். இப்பதான் சாமான் உரிய ஆள்ட கைக்கு வந்திரிக்கி" என்றார். ரியாஸ் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். மகனின் முகம் தெரிகிற, ஆனால் மகனுக்குக் கைக்கெட்டாத தூரம். பிள்ளை மீனைப் பிடித்ததும் திரும்பி யாரையோ தேடினான். தகப்பனைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் டீவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஹாஜியார், வாப்பாவும் மகனும் சேந்து ஆடினா..." என்று தொடங்கினேன்.

"அமீன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கதானே சொன்ன, முழுக்க முழுக்கச் சின்னப் புள்ளையள்ட சாமான் எண்டு?"

தம்பிமாரே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். உங்கள் வாயால் கட்டிய முடிச்சில் உங்கள் கழுத்தே இருக்கும். நான் பொய் சொல்லி விற்றேன் என்று ஒப்புக்கொண்டால் கடையின் பெயர் போகும். ஹாஜியார் ஜும்ஆவுக்கு வரும் அத்தனை பேருக்கும் சொல்லுவார். சொன்னது சரிதான் என்று நின்றால் கதவு நிலையில் நிற்கிறவன் அங்கேயே நிற்பான். யோசிக்க நேரமில்லை. எதிர்த்துப் பேசினால் ஹாஜியார் கேட்கமாட்டார். அவருடைய சொல்லுக்குள்ளேயே நுழையவேண்டும்.

"ஓம் ஹாஜியார், இப்பவும் அதுதான் சொல்றன். புள்ளைட சாமான்தான். ஆனா ஒரு பார்ட்ஸ் குறையிது. ரெண்டாவது ஆள். அது எங்கட கடைல இல்ல, ஒங்கட வீட்ல இரிக்கி."

ஹாஜியார் கதவு நிலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உப்பளக்காரரை ஏமாற்றுவது இலேசா?

"ரிமோட் ஒண்டுதானே இரிக்கி. ரெண்டாவது ஆள் எதப் புடிச்சி ஆடுற? ரெண்டாவது ரிமோட் வந்தாப் பாப்பம்."

கடையில் இல்லை என்று என் வாயாலேயே கேட்டவர். இல்லாத சாமானின் மேல் சத்தியம் செய்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரிவீல் பிடித்து நேரே கடைக்குப் போனேன். முதலாளி ஒரு கல்யாணத்துக்குச் சிலாபம் போயிருந்தார். டெமோ மெஷினில் இரண்டு ரிமோட். ஒன்றைக் கழற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த இடத்தில் கேட்பது நேரவிரயம். அன்று பின்னேரமே ரியாஸை வரச்சொல்லிக் கையில் கொடுத்தேன்.

ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அவன் தயங்கினான். "இது டெமோதானே நானா? ஒங்களுக்குப் பிரச்சின வராதா?"

"வரும். அது என்ட பாடு. லீவு முடியிற வரைக்கும் இரவல். போங்க, இன்னும் நிண்டு கதைச்சா நான் மனச மாத்திருவன்."

பிரச்சினை அடுத்த நாள் கடை திறந்தவுடனே வந்தது.

"அமீன்! டெமோல ஒரு ரிமோட் எங்க?"

"இரவல் குடுத்தன் முதலாளி."

"இரவலா? இது கடையா, லைப்ரரியா?"

அந்தக் கடையில் நான் குரல் உயர்த்திய ஒரே நாள் அதுதான். "ஒரு பக்கம் மட்டும் உள்ள கெரம் போர்ட விப்பீங்களா முதலாளி? ஒரு கால் செருப்ப விப்பீங்களா? நாலு பேர்ட படத்தக் காட்டி ஒருத்தனுக்குரிய சாமானத் தலைல கட்டி அனுப்புறம். அந்த வீட்டுல வாப்பா கதவோட ஒட்டிக்கொண்டு நிக்கிறான். பொம்ம றாக்கைல வெச்சது நீங்க. பொய் சொல்லி வித்தது நான். ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலைக்கு ஒரு ரிமோட் பெரிசா?" அருமையாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே தோன்றியது.

முதலாளி கடைசி வரை கேட்டார். பிறகு, "அந்த ரிமோட் திரும்பி வாற வரைக்கும் நீ பிரிஜ் பக்கம்" என்றார்.

பிரிஜ் பக்கம் என்றால் விற்பது அல்ல, ஏற்றுவது. இந்த வயிற்றோடு நான் ஒரு பிரிஜ்ஜைக் கட்டிப்பிடித்து லொறியில் ஏற்றுவதைப் பார்க்க எதிர்க்கடைக்காரர்கள் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விமானத்துக்குப் போகும் அன்று காலையில் ரியாஸ் வந்தான். கை வெறுங்கை.

"மன்னிச்சிக்கொள்ளுங்க நானா. ரிமோட்டத் தாறான் இல்ல."

"யாரு, ஹாஜியாரா?"

"மகன்." அவனுடைய முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. "ரெண்டாவது ரிமோட்டப் பாத்ததும் மாமனாருக்கு ஒண்டும் சொல்ல ஏலாமப் பெயித்து. சொன்ன சொல்லுதானே! மொத நாள் நான் ஆடினதப் பாத்துட்டு மகன் சொல்றான், வாப்பா நீங்க சரியான மோசம், இஞ்ச வந்து பக்கத்துல படுங்க, நான் சொல்லித் தாறன் எண்டு. அதுக்குப் பொறகு ஸ்கூல் கதை, கூட்டாளி கதை, எல்லாக் கதையும் வந்திட்டு. இண்டைக்கு ரிமோட்டக் கேட்டா, இது வாப்பாட ரிமோட், அவர் திரும்பி வாற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு அலுமாரில வெச்சிப் பூட்டித் தெறப்ப எங்கயோ ஒளிச்சிட்டான்."

நான் என்ன செய்வது? சிரித்தேன். சிரித்துவிட்டுப் பிரிஜ் ஏற்றப் போனேன்.

அடுத்த சில மாதங்களும் பிரிஜ்தான். டெமோ மெஷின் ஒற்றை ரிமோட்டோடு அனாதையாகக் கிடந்தது. உபரி ரிமோட் எடுங்கள் என்று நான் முதலாளியிடம் கேட்காத நாளில்லை. என் சொல் அவருக்கு மேசை விசிறிக் காற்று. ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போய்விடும்.

பிறகு ஒரு நாள் ஹாஜியார் வந்தார். "அமீன் எங்க?" என்று கேட்டு என்னைப் பின்னாலிருந்து கூப்பிடவைத்தார். வியர்வையோடு வந்து நின்றேன்.

"ஒரு ரிமோட் வேணும்" என்றார்.

"வீட்ல ரெண்டு இரிக்கே, ஹாஜியார்?"

"ஒண்டு புள்ளைட. மத்தது அவன்ட வாப்பாட. அதத் தொட உடுறான் இல்ல, பூட்டி வெச்சிரிக்கான்." அது ஏதோ வரிக்கொடுமை போலச் சொன்னார். "இன்னொண்டு எடுத்துத் தாங்க."

முதலாளி ஓடி வந்தார். "ஓம் ஹாஜியார், ஒடனே எடுக்கிறம் ஹாஜியார், இதெல்லாம் கட்டாயம் கடைல இரிக்கோணுந்தானே!" அந்த வாரமே ஒரு பெட்டி நிறைய ரிமோட் வந்து இறங்கியது. நான் மாதக்கணக்காகக் கத்தியது எங்கே, ஹாஜியாரின் ஒரு வாக்கியம் எங்கே! அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு பிரிஜ்ஜைத் தனியாகவே தூக்கியிருப்பேன்.

டெமோவுக்கு ரிமோட் வந்ததால் நான் கவுன்டருக்குத் திரும்பினேன். கேம் பெட்டிகளைப் பொம்மை இறாக்கையிலிருந்து எடுத்து டீவிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலாளி பார்க்காதது போல இருந்தார். ஹாஜியார் சாமானை எடுக்க வந்தார். புது ரிமோட்டைப் பிரித்துக் கொடுத்தேன். ஆடும்போது நழுவி விழாமல் கையில் மாட்டிக்கொள்ள அதில் ஒரு வார் இருக்கும். அவர் அதைத் தன் கையில் நுழைத்துப் பார்த்தார். உப்பு வாரிய மணிக்கட்டுக்கு அது போதவில்லை.

"இந்த வார் கொஞ்சம் பெரிசா வராதா?"

"இது யாருக்கு, ஹாஜியார்?"

"புள்ளைக்குத்தான்." தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ள அடுத்த லீவுல வாறார். வாறதுக்குள்ள புள்ளைய நல்லாப் பழக்கி வெக்கோணும். அவன்ட வாப்பாட்டத் தோத்திரக் கூடாது. பழக்குறதுக்கு ஒரு ஆள் வேணுந்தானே?"

சொல்லியிருக்கலாம். வாயில் நல்ல நல்ல பதில்கள் வந்து வரிசையில் நின்றன. மீச மொளச்சவன் கதையை ஞாபகப்படுத்தியிருக்கலாம். மாதக்கணக்காகப் பிரிஜ் தூக்கிய இடுப்பு அதைத்தான் கேட்டது. ஆனால் சொன்னால் அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பலகையைக் கழற்றுங்கள், பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது ரிமோட்டை வையுங்கள். அதற்குப் பிறகு யார் வந்து யாருக்கு என்று சொன்னாலும் மறுத்துப் பேசாதீர்கள்.

"ஓம் ஹாஜியார்" என்றேன். "முழுக்க முழுக்கச் சின்னப் புள்ளையள்ட சாமான்."

அந்த வாரை எவ்வளவு தூரம் இளக்க முடியுமோ அவ்வளவு தூரம் இளக்கி, அவருடைய கையில் மாட்டிவிட்டேன்.